"அது கவர்ன்மென்ட் பாலிசி" என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பது

கேரளத்தில் கிராம ஆபீசிலோ கிருஷிபவன் என்ற வேளாண் ஆபீசிலோ விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்து "அது கவர்ன்மென்ட் பாலிசி, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டால் நம்மில் பெரும்பாலானவர்கள் அத்தோடு விட்டுவிடுகிறோம். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து, எல்டிஎஃப் (இடது முன்னணி) கொண்டுவந்ததா யுடிஎஃப் (காங்கிரஸ் முன்னணி) கொண்டுவந்ததா என்று அரை மணி நேரம் சண்டை போடுவோம், அவ்வளவுதான். அந்தச் சண்டையால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. ஆபீசிலேயே நின்று கேட்க வேண்டியது வேறு: எந்த உத்தரவு, நம்பர் என்ன, தேதி என்ன?

பாலிசி என்று எதைச் சொன்னாலும் அது எங்கோ ஒரு காகிதத்தில் எழுதியிருக்கும். சட்டசபை போட்ட சட்டம், அதன் கீழ் அரசு எழுதிய விதி, அப்புறம் அரசாணை, அதை விளக்கி மேலதிகாரி அனுப்பிய சர்க்குலர், இந்த வரிசைதான். கீழே இருப்பது மேலே இருப்பதை மீற முடியாது. நம்மைத் திருப்பி அனுப்புவது பல சமயம் கடைசியில் இருக்கும் சர்க்குலர்தான் என்பதால், நம்பரை வாங்கியதும் அங்கிருந்து மேல்நோக்கி ஏறிப் போக வேண்டும்.

ஏறுவதற்கான படி அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது. அரசாணையின் தலைப்பகுதியில், விஷயத்தைச் சொன்னதும், சின்ன எழுத்தில் சில பழைய உத்தரவுகளின் நம்பரும் தேதியும் வரிசையாக இருக்கும். தமிழ்நாட்டு ஆணையில் "படிக்கப்பட்டவை" அல்லது "பார்வை" என்று போட்டிருப்பார்கள், கேரளத்து ஆணையில் "பராமர்சம்". எல்லோரும் தாண்டிப் போகிற பகுதி அது, என்னைக் கேட்டால் முழு ஆணையிலும் அதுதான் முக்கியம். அந்த நம்பர்களை எடுத்து அந்த ஆணைகளைத் தேடினால், அவற்றின் தலையில் இன்னும் பழைய நம்பர்கள் இருக்கும். மூன்று நான்கு படி ஏறினால் கதை எங்கே தொடங்கியது என்று தெரிந்துவிடும். நம்பருக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். கேரளத்தில் "ஆர்டி" என்றால் அன்றாட விஷயம், யாரோ ஒருவருடைய மாறுதல், ஒரு பில் பாஸ் செய்வது மாதிரி. "எம்எஸ்", "பி" என்றிருந்தால் பொதுவாகக் கனமான ஆணை. தமிழ்நாட்டில் "அரசாணை (நிலை)" என்பது இந்த எம்எஸ்ஸுக்குச் சமம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரப்பை வெட்டி மண் நிரப்பி இருபது வருடம் ஆன இடம், தென்னையும் வளர்ந்து நிற்கிறது, ஆனால் ரெவின்யூ ரெக்கார்டில் இன்னும் நெல்வயல், வீடு கட்டப் பஞ்சாயத்து அனுமதி தராது. காரணம் கேட்டால் "டேட்டா பேங்க்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள், அதாவது நெல்வயல், நீர்நிலம் என்று அரசு குறித்து வைத்திருக்கும் இடங்களின் பட்டியல். இதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் 2018-இல் வந்த ஒரு சட்டத்திருத்தம் கிடைக்கும். 27ஏ என்ற பிரிவு, டேட்டா பேங்கில் சேராத இடத்தைக் கட்டணம் கட்டி வகை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தது. அதற்குப் பின்னால் 2008-இன் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம். கேரளத்தில் 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர் இருந்த நெல் சாகுபடி, அந்தச் சட்டம் வந்த நேரத்தில் சுமார் 2.3 லட்சமாகச் சுருங்கியிருந்தது, அந்தப் பயத்தில் வந்த சட்டம் அது. இதற்கும் பின்னால் 1967-இன் நிலப் பயன்பாட்டு ஆணை நிற்கிறது. உணவுப்பயிர் விளையும் நிலத்தைக் கலெக்டர் அனுமதி இல்லாமல் வேறு எதற்கும் மாற்றக்கூடாது என்ற ஆணை, அரிசித் தட்டுப்பாட்டில் கேரளம் தவித்த காலத்தில் வந்தது. அந்த ஆணைக்கு அதிகாரம் கொடுத்ததோ மத்திய அரசின் 1955 அத்தியாவசியப் பொருள்கள் சட்டம். ஆக, இன்று நம் வீட்டுப் பிளானை நிறுத்தி வைத்திருப்பதன் வேர் ரேஷன் அரிசிக் காலத்தில் இருக்கிறது.

இது தெரிந்து என்ன லாபம் என்றால், தேதியில்தான் லாபம். 2008 சட்டம் அமலுக்கு வந்தது அந்த வருடம் ஆகஸ்ட் 12. அன்றைக்கு வயலாக இருந்ததா இல்லையா என்பதுதான் டேட்டா பேங்கின் முழு அடிப்படை. அன்றைக்கு முன்பே நிரப்பிய இடம் தவறாக உள்ளே போயிருந்தால் ஐந்தாம் நம்பர் ஃபாரத்தில் அதை எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், செயற்கைக்கோள் படத்தின் ரிப்போர்ட் கூட வாங்கலாம். டேட்டா பேங்கிலேயே இல்லை, ரெக்கார்டில் மட்டும் வயல் என்றால் அது 1967 ஆணையின் மிச்சம், அதற்குப் பாதை வேறு, ஃபாரமும் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான ஃபாரத்தில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் நிறைய. அப்புறம் ஒன்று, 2008-இல் பூட்டுப் போட்டதும் 2018-இல் வாசல் திறந்ததும் ஒரே இடது முன்னணிதான். டீக்கடை வாதம் இங்கே எதையும் விளக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏன் கொண்டுவந்தார்கள் என்று அறிய நியூஸ் சேனலுக்குப் போக வேண்டாம். மசோதா ஒவ்வொன்றின் முடிவிலும் நோக்கமும் காரணமும் சொல்லும் ஒரு பக்கம் இருக்கும். கேரளத்து விதிகள் கெஜட்டில் எஸ்.ஆர்.ஓ. என்ற வரிசை நம்பரோடு வரும்போது அடியில் ஒரு விளக்கக் குறிப்பு சேர்த்திருப்பார்கள், எதற்காக இந்த மாற்றம் என்று நாலு வரியில் அங்கே இருக்கும். இதைவிடச் சுலபமான வழி ஹைகோர்ட் தீர்ப்புகள். வழக்கு எதுவாக இருந்தாலும், நீதிபதி முதல் சில பக்கங்களில் எந்த வருடம் எந்தச் சட்டம், எப்போது திருத்தம் என்று வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். இந்தியன் கானூன் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். இங்கிலீஷ்தான், ஆனால் அந்தப் பகுதி பெரும்பாலும் புரிகிற இங்கிலீஷ்.

ரொம்பப் பழைய காகிதம் தேடுகிறீர்கள் என்றால் முதலில் அன்றைக்கு நம் ஊர் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். எல்லையோரத்தில் இது பெரிய சிக்கல். பழைய சித்தூர் கொச்சி சமஸ்தானம், பக்கத்திலேயே இருக்கும் பாலக்காடும் ஆலத்தூரும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1949-இல் கொச்சி திருவிதாங்கூரோடு சேர்ந்தது, 1956 நவம்பர் 1-இல் எல்லாம் கேரளம். அதனால் ஒரே வாய்க்காலின் மேல்பகுதிக்கு ஒரு அரசின் கோப்பும் கீழ்ப்பகுதிக்கு இன்னொரு அரசின் கோப்பும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கொச்சிக் கோப்புகளுக்கு எர்ணாகுளம் ஆவணக் காப்பகம், மலபாருக்குக் கோழிக்கோடும் சென்னை எழும்பூரும். தேவிகுளம், பீர்மேடு என்றால் திருவிதாங்கூர், அதற்குத் திருவனந்தபுரம். ஆந்திர எல்லையில் திருத்தணிக்காரர்களுக்கும் இதே பாடுதான், 1953 அக்டோபர் வரை சென்னை, அப்புறம் ஆந்திரம், 1960 ஏப்ரல் 1-இல் மறுபடி சென்னை.

தண்ணீர் விஷயத்தில் இந்தத் தேதிக் கணக்கு இன்னும் சூடானது. தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29, ஆனால் 1958 நவம்பர் 9 முதலே அமல் என்று எழுதியிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்ற கணக்கு அந்த 1958-இலிருந்து ஓடுகிறது. மணக்கடவு அணையில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி சித்தூருக்கு, அந்த வருடமும் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். மேடையில் பேசுகிறவர்கள் ஜனவரிக் கணக்கில் குறைந்தது கூடியது என்பார்கள், ஒப்பந்தத்தைப் படித்தவருக்கு அது உடனே உறுத்தும். தமிழ்நாட்டுப் பக்க நிலவரத்துக்கு நீர்வளத் துறை வருடா வருடம் மானியக் கோரிக்கையோடு சட்டசபையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள், தமிழிலேயே இருக்கிறது. ஒரு வருடத்தை மட்டும் படித்தால் விளம்பரம் மாதிரித் தோன்றும், ஐந்தாறு வருடத்தை அடுத்தடுத்து வைத்து எந்த வரி காணாமல் போனது என்று பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கும்.

இவ்வளவு தேடியும் கிடைக்காததற்குத்தான் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய், முப்பது நாள், காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை, "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் கழற்றிவிடுவார்கள். "இன்ன தேதியிட்ட இன்ன எண் சர்க்குலரின் நகல், அது பிறந்த கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று காகிதத்தைக் கேளுங்கள். ஏன் என்பதற்கான பதில் அந்தக் குறிப்புப் பக்கங்களில் அதிகாரிகள் கைப்பட எழுதியதில் இருக்கும். தப்பான ஆபீசுக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் சரியான ஆபீசுக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. பதில் வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் அப்பீல், அதுவும் சரியில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையம்.

மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். கேரளத்து ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள ஆபீசுகளுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்கிறது. மனுவின் முதல் வரியிலேயே அந்தச் சட்டத்தின் பெயரை எழுதிவிடுங்கள், அது இல்லாவிட்டால் மறுபடி அலைய விடுவார்கள்.

பிஏபி மாதிரி இரண்டு மாநிலமும் கையெழுத்துப் போட்ட விஷயம் என்றால் ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் அனுப்புங்கள். இந்தியக் குடிமகன் யாரும் எந்த மாநிலத்திடமும் கேட்கலாம், கூட்டத்தின் மினிட்ஸ் இரண்டு ஆபீசிலும் இருக்கும், ஒருவர் தரமாட்டேன் என்பதை இன்னொருவர் ஏற்கெனவே போட்டோகாப்பி எடுத்து வைத்திருக்கக்கூடும்.