ரிசல்ட்டில் மார்க் இல்லை, எழுத்துதான் இருக்கிறதா? ஜிபிஏ போடுவது இப்படித்தான்

பிளஸ் டூ வரை மார்க் பார்த்தே பழகியவர்களுக்கு முதல் செமஸ்டர் ரிசல்ட் புதிராகத்தான் இருக்கும். பாலக்கோட்டில் இருந்து அப்பா போன் போட்டு "எத்தனை பர்சன்ட்?" என்பார், ரிசல்ட்டிலோ ஓ, ஏ பிளஸ், பி என்று எழுத்துகள்தான். சரி, அந்த எழுத்துகளில் இருந்து ஜிபிஏ, அதாவது ஒரு செமஸ்டரின் சராசரிப் புள்ளி, போடும் கணக்கைப் பார்ப்போம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை (படிப்பு, மதிப்பீட்டு விதிகள்) எடுத்துக்கொள்கிறேன். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. அங்கே படிப்பவர்கள் தங்கள் ரெகுலேஷனையே பாருங்கள்.

முதலில் எழுத்தை எண்ணாக மாற்றுங்கள். ஓ (91–100) 10, ஏ பிளஸ் (81–90) 9, ஏ (71–80) 8, பி பிளஸ் (61–70) 7, பி (56–60) 6, சி (50–55) 5. 80 எடுத்தால் 8, 81 எடுத்தால் 9. ஒரே ஒரு மார்க்தான்!

அடுத்து, ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் (அந்தப் பாடத்துக்குத் தரப்படும் எடை) பெருக்கிக் கூட்டுங்கள். ஒரு மாணவரின் முதல் செமஸ்டர் (கிரெடிட் × புள்ளி):

ஆங்கிலம் 3 × 8 = 24
கணிதம் 4 × 6 = 24
இயற்பியல் 3 × 7 = 21
வேதியியல் 3 × 7 = 21
பைத்தான் 3 × 8 = 24
தமிழர் மரபு 1 × 10 = 10
பைத்தான் லேப் 2 × 9 = 18
இயற்பியல்–வேதியியல் லேப் 2 × 10 = 20
ஆங்கில லேப் 1 × 10 = 10

மொத்தம் 172. இதைக் கிரெடிட்டுகளின் கூட்டுத்தொகையான 22ஆல் வகுத்தால் 7.82. கணிதத்தில் ஒரு படி ஏறினால் ஜிபிஏ 0.18 கூடும், தமிழர் மரபில் ஒரு படி என்பது 0.05கூட வராது. எதற்கு ராத்திரி கண்விழிப்பது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை. இதே மாணவருக்குக் கணிதம் அரியர் என்றால் ஜிபிஏ ஏறும்! யூ (ஃபெயில்) வாங்கிய பாடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை; அதனால் 148 ÷ 18 = 8.22. பிறகு சி வாங்கிப் பாஸ் ஆனால் 168 ÷ 22, அதாவது 7.64. ஆகவே அரியர் இருக்கும்போது வரும் ஜிபிஏவை வீட்டில் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள்.

எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து வரும் சிஜிபிஏவுக்கு ஜிபிஏக்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. எல்லா செமஸ்டர் புள்ளிகளையும் கூட்டி, எல்லா கிரெடிட்டாலும் வகுக்க வேண்டும். இரண்டாம் செமஸ்டரில் 26 கிரெடிட்டுக்கு 212 புள்ளி என்றால் 384 ÷ 48 = 8.00. சராசரி எடுத்தால் 7.99 வரும். வித்தியாசம் சிறிதுதான், ஆனால் முதல் வகுப்புக்கு 6.50 வேண்டும், 6.49க்குக் கிடைக்காது.