குழந்தைகளோடு நாலு கிரேக்கத் தீவு: படகிலேயே போய்வருவது எப்படி?

கிரேக்கத் தீவு என்றதும் எல்லாருக்கும் சான்டோரினிதான் நினைவுக்கு வரும். சின்னக் குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் இந்த முறை அதை விட்டுவிடுங்கள். ஏதென்சின் துறைமுகமான பிரேயஸிலிருந்து சாதாரணக் கப்பலில் ஏழெட்டு மணி நேரம் ஆகும், போதாக்குறைக்கு ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று அடித்துத் துவைக்கும். அதே பிரேயஸுக்குப் பக்கத்திலேயே சாரோனிக் வளைகுடாவில் எகினா, அங்கிஸ்திரி, போரோஸ், ஹைட்ரா என்று சின்னத் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. காற்றின் ஆட்டம் அங்கே குறைவு, எந்தப் பயணமும் நீண்டுபோகாது. ஆறு நாள் இருந்தால் நிதானமாகச் சுற்றலாம்.

மூன்று தீவுகளை ஒரே நாளில் காட்டிவிடும் சுற்றுலாக் கப்பல்களும் உண்டு. நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒவ்வொரு இடத்திலும் குழந்தை செருப்பைக் கழற்றித் தண்ணீரில் கால் வைப்பதற்குள் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நான் சொல்லும் வழி இது: எகினாவில் இரண்டு இரவு, அங்கிருந்து அங்கிஸ்திரிக்கு ஒரு பகல், பிறகு போரோஸில் இரண்டு இரவு, அங்கிருந்து ஹைட்ராவுக்கு ஒரு பகல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவது ஒரே ஒரு தடவைதான். எகினாவிலிருந்து மெதானா வழியாகப் போரோஸ் போகும் கப்பல் அடிக்கடி கிடையாது, அதனால் முதலில் அது எந்த நாள், எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமையுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் பிரேயஸுக்குத் திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். மாதம் உங்கள் கையில் இருந்தால் ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர். செப்டம்பரில் கூட்டம் குறைந்திருக்கும், தண்ணீரில் சூடு மட்டும் அப்படியே இருக்கும்.

அடுத்தது எந்தப் படகு என்பது. இரண்டு வகை உண்டு. ஒன்று கார், லாரி எல்லாம் ஏற்றும் பெரிய கப்பல், எகினாவுக்கு ஒன்றேகால் மணி நேரம். இன்னொன்று 'பறக்கும் டால்ஃபின்' என்று சொல்லப்படும் ஹைட்ரோஃபாயில், அதாவது தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடும் வேகப் படகு, நாற்பது நிமிடம்தான். நேரம் மிச்சம் என்று நாங்கள் முதல் நாள் ஹைட்ரோஃபாயிலில் ஏறினோம். உள்ளே பஸ் மாதிரி இருக்கை, அடைத்த ஜன்னல், உப்புப் படிந்த கண்ணாடி, வெளியே போய் நிற்க இடமே கிடையாது, கால் மணி நேரத்தில் சின்னவள் முகம் வெளுத்துவிட்டது, பை எடுப்பதற்குள் என் மடியிலேயே வாந்தி. திரும்பும்போது பெரிய கப்பல். அதன் பின்தளத்தில் காற்றில் உட்கார்ந்து, ரொட்டித் துண்டுக்காகக் கூடவே பறந்து வந்த கடற்காகங்களை எண்ணிக்கொண்டே வந்தாள், குமட்டல் என்ற பேச்சே இல்லை. ஆகவே பெரிய கப்பல் இருக்கும் இடத்தில் அதையே பிடியுங்கள். ஹைட்ராவுக்கு மட்டும் வேகப் படகுதான், அதில் நடுப்பக்கம் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், வாந்தி மருந்தை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

கைக்குழந்தைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் டிக்கெட் வாங்கியாக வேண்டும், ஏறும் இடத்தில் பார்ப்பார்கள். 2022 முதல் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ மூன்றாம் தடம் நேராகப் பிரேயஸ் வரை போகிறது, ஆட்டோமாதிரி டாக்ஸி பிடித்துப் பேரம் பேசத் தேவையில்லை. துறைமுகம் மிகப் பெரியது, வாசல்களுக்கு எண் உண்டு, டிக்கெட்டில் எந்த எண் என்று பார்த்துக்கொண்டு அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள்.

இறங்கும்போதும் கவனம் வேண்டும். படகு ஓரிரு நிமிடம்தான் நிற்கும், பெயரும் நாம் படித்த மாதிரி காதில் விழாது. ஹைட்ரா என்பதை அவர்கள் 'ஈத்ரா' என்பார்கள், எகினா 'எயினா' ஆகிவிடும். ஒலிபெருக்கியில் ஈத்ரா, ஈத்ரா என்று கேட்டும் நாங்கள் யாரோ எவரோ என்று உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இருக்கைப் பாட்டி தோளைத் தட்டி வாசலைக் காட்டியிருக்காவிட்டால் அடுத்த நிறுத்தமான எர்மியோனிக்கே போயிருப்போம். அங்கிஸ்திரியில் ஸ்காலா, மெகலோகோரி என்று இரண்டு துறைகள் வேறு. திரும்பும் படகு எதிலிருந்து என்று இறங்கியதுமே கேட்டுவையுங்கள்.

எகினாவில் துறைக்குப் பக்கத்திலேயே பிஸ்தா விற்பார்கள், அந்தத் தீவுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததே அதுதான். பஸ் பிடித்து அஃபையா கோயிலுக்குப் போங்கள், சுமார் கி.மு. 500-இல் கட்டியது, தூண்கள் பல இன்னும் நிற்கின்றன, கீழே இறங்கினால் அகியா மரீனாவில் முழங்கால் ஆழமே உள்ள மணற்பாங்கான கடல். காலையில் கோயில், அப்புறம் கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள், மதிய வெயிலில் அந்த மேட்டில் குழந்தைகள் அழுதுவிடும். போரோஸில் நாங்கள் ஒன்றுமே பார்க்கவில்லை, அஸ்கேலி கடற்கரையில் கிடந்தோம். எதிரே கலாதாஸ் ஊர் சில நூறு மீட்டர் தூரம்தான், சின்னப் படகில் சும்மா போய்விட்டு வருவதே பிள்ளைகளுக்கு விளையாட்டு.

ஹைட்ராவில் கார், பைக் எதுவும் கிடையாது, குப்பை வண்டி போன்ற ஒன்றிரண்டைத் தவிர. சாமானைக் கோவேறு கழுதைகள்தான் சுமக்கும். கல் படிக்கட்டுகள் என்பதால் தள்ளுவண்டியையும் சக்கரப் பெட்டியையும் போரோஸ் அறையிலேயே வைத்துவிட்டு முதுகுப் பையோடு வாருங்கள். குளிக்கும் இடமெல்லாம் பாறை, கூழாங்கல், தண்ணீருக்குள் பாறையில் 'சீ அர்ச்சின்' என்ற கடல் உயிர்கள் கறுப்பு முள்ளுருண்டைகளாக ஒட்டியிருக்கும், மிதித்தால் முள் உடைந்து காலிலேயே நின்றுவிடும். எல்லாருக்கும் ரப்பர் ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி இரவை மட்டும் தீவில் வைக்காதீர்கள். காற்று கூடினாலோ கப்பல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தாலோ அன்றைக்குப் படகே ஓடாது. விமானத்துக்கு முந்தின இரவு ஏதென்சில் தங்கிவிடுங்கள்.