ஒரே மாதிரி தெரியும் கீபோர்டுகளில் வீட்டுக்கு எதை எடுப்பது?

யமஹா பிஎஸ்ஆர்-இ373, காசியோ சிடி-எக்ஸ்700 இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புதிதாக வாங்க வருபவருக்கு முகப்பைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் 61 கட்டை. இரண்டும் 5 கிலோவுக்குள், அகலம் ஏறத்தாழ 95 செ.மீ. ஸ்பீக்கர் 2.5 வாட்டில் இரண்டு, ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்கள் (பாலிஃபனி) 48, கரன்ட் போனால் 6 ஏஏ பேட்டரி. அதனால் வாங்குபவர் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போகிறார்: இதில் 622 வாய்ஸ், அதில் 600 டோன், இதில் 205 ஸ்டைல், அதில் 195 ரிதம். தவறு தொடங்குவது இங்கேதான்.

அந்த 622ஐப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். பார்த்துப் பார்த்துச் செய்த முதன்மை வாய்ஸ் 241. டிரம் கிட், ஒலி விளைவு வகை 22. தானே விரல் ஓட்டும் ஆர்ப்பெஜியோ 20. மீதி 339ம் எக்ஸ்ஜி-லைட், அதாவது கணினியிலிருந்து வரும் மிடி பாட்டுகள் (ஒலியாக அல்லாமல் எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற தகவலாக இருப்பவை) சரியான கருவியில் ஒலிக்க வேண்டும் என்பதற்காக வைத்த வரிசை. வீட்டில் உட்கார்ந்து வாசிப்பவர் அதைப் பெரும்பாலும் தொடவே மாட்டார். பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், வயலின் என்று நீங்கள் உண்மையில் வாசிக்கப்போகும் பத்துப் பதினைந்து எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி. (யமஹா 'வாய்ஸ்', 'ஸ்டைல்' என்பதைத்தான் காசியோ 'டோன்', 'ரிதம்' என்கிறது. முதலாவது கருவியின் ஒலி, இரண்டாவது தானாக ஓடும் பின்னணி.)

முதலில் என்ன கற்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

லண்டன் டிரினிட்டி காலேஜின் இசைத் தேர்வுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் 'எலெக்ட்ரானிக் கீபோர்டு' தேர்வு வேறு, 'பியானோ' தேர்வு வேறு என்பதை வாங்குவதற்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கீபோர்டு தேர்வில் இடது கை கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் பிடி) பிடிக்கும், ஸ்டைல் பின்னணி வாசிக்கும். அதற்கு 61 கட்டைக் கருவிதான் சரி, ஆனால் எந்த கிரேடுக்குக் கருவியில் என்ன வசதி வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்தில் பார்த்துவிட வேண்டும். பியானோ தேர்வுக்கு 88 கட்டை வேண்டும், கட்டையும் கனமாக இறங்க வேண்டும். 61 கட்டை ஸ்பிரிங் கீபோர்டில் இரண்டு வருடம் பழகிய விரல் பியானோவில் உட்கார்ந்ததும் சத்தமே வராமல் தடுமாறும். பியானோதான் என்றால் இந்தக் கட்டுரையில் சொல்லும் கருவி எதையும் எடுக்காதீர்கள். யமஹா பி-45, ரோலண்ட் எஃப்பி-10 போன்ற டிஜிட்டல் பியானோ பக்கம் போங்கள். அவை 11, 12 கிலோ இருக்கும். அந்த எடையில் பெரும் பங்கு கட்டைக்கு அடியில் இருக்கும் சுத்தியல் அமைப்புதான்.

இன்னொரு எல்லையில் பிஎஸ்ஆர்-எஃப்52 போன்ற கருவிகள் இருக்கின்றன. கட்டை முழு அளவுதான், ஆனால் டச் ரெஸ்பான்ஸ் கிடையாது. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். பாட்டு வாத்தியார் சுரம் எடுத்துக் கொடுக்க, பஜனைக்கு, அது போதும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வேண்டாம். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது விரலில் இருக்கிறது என்ற பாடமே அதில் விட்டுப்போகும்.

சினிமாப் பாட்டும் கர்நாடகமும்

நம் வீடுகளில் வாங்கப்படும் கீபோர்டுகளுக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். ஆனால் கடையில் இதை யாரும் கேட்பதில்லை: கருவியின் இடது ஓரத்தில் பிட்ச் பெண்ட் வீல், அதாவது சுருதியை வளைக்கும் சக்கரம், இருக்கிறதா?

இ373இல் இல்லை. சிடி-எக்ஸ்700இலும் இல்லை. சிடி-எக்ஸ்800இல் இருக்கிறது. பிஎஸ்ஆர்-ஐ500, பிஎஸ்ஆர்-இ473 இரண்டிலும் இருக்கிறது. மேற்கத்திய இசை மட்டும் என்றால் இல்லாதது பெரிய குறை அல்ல. நம் பாட்டு என்றால் குறைதான். தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் நேராக நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். 'சி'யை ஸட்ஜமாக வைத்தால் காந்தாரம் ஈ-பிளாட். அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வீலை முழுதும் மேலே தள்ளினால் சுருதி 2 அரைச்சுரம் ஏறி எஃப், அதாவது சுத்த மத்யமம். முழுதும் கீழே இழுத்தால் டி-பிளாட், சுத்த ரிஷபம். பெரும்பாலான கருவிகளில் வீலின் வீச்சு ஆலையிலிருந்து வரும்போதே இந்த 2 அரைச்சுரத்தில்தான் வைக்கப்பட்டிருக்கும். இடது கைக் கட்டைவிரலால் அதை மெல்ல ஆட்டப் பழகினால் காந்தாரம் காந்தாரமாகக் கேட்கும். வீல் இல்லாத கருவியில் அடுத்தடுத்த கட்டைகளை வேகமாகத் தட்டித்தான் சமாளிக்க வேண்டும். கேட்பவருக்கு அது படிக்கட்டில் ஏறி இறங்குவது போலத் தெரியும். நீண்ட ஜாரு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது) வேண்டுமென்றால் யமஹாவின் ஃபங்ஷன் பட்டியலில் பெண்ட் ரேஞ்சை 12 வரை கூட்டலாம். ஆனால் கூட்டக் கூட்ட வீலின் சின்ன அசைவே பெரிய தாவலாகிவிடும். கற்கும்போது 2லேயே விடுங்கள்.

சுருதிக் கட்டை பற்றிக் கவலை வேண்டாம். எல்லாக் கட்டைகளின் சுருதியையும் மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எல்லாக் கருவியிலும் உண்டு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டையை எண்ணி வந்த கணக்குத்தான் இது: சி 1 கட்டை, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, நடுவில் வரும் கறுப்பு அரைக் கட்டை. பாடுபவர் ஐந்தரைக் கட்டை என்றால் ஜி-ஷார்ப். டிரான்ஸ்போஸை +8 வைத்தாலும் -4 வைத்தாலும் அதே சுருதி கிடைக்கும். -4 வையுங்கள், +8 வைத்தால் வலது ஓரத்தில் சத்தம் கீச்சென்று போகும். விரல் மட்டும் எப்போதும் போல 'சி'யிலேயே ஸட்ஜம் பிடிக்கும். ஆனால் பழக்கம் ஒன்று எச்சரிக்கைக்குரியது: கற்கும் பிள்ளை எப்போதும் டிரான்ஸ்போஸிலேயே வாசித்தால் மற்ற கட்டைகளில் விரல் வைக்கவே வராது. பாடுபவருக்குத் துணை வாசிக்கும்போது மட்டும் போடுங்கள்.

ஐ500 இந்தியச் சந்தைக்கென்றே செய்த கருவி. ரியாஸ் என்ற பகுதியில் தம்புராவும் தபலாவும் ஓடும், இந்திய ஸ்டைல்கள் உண்டு, வீலும் உண்டு. பாட்டு வகுப்பு நடக்கும் வீட்டுக்கு இவற்றில் எங்கள் தேர்வு இதுதான். சொந்தமாகப் பாட்டு அமைத்துப் பதிவு செய்கிறவருக்கு இ473 மேல்: 64 குரல், 6 வாட்டில் இரண்டு ஸ்பீக்கர், மைக் நுழைவு, வெளி ஆம்பிளிஃபயருக்குத் தனி இடது, வலது அவுட்புட், பென் டிரைவிலேயே ஒலிப்பதிவு. இ373க்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசம் அந்த இணைப்பு ஓட்டைகளுக்கும் வீலுக்கும் கொடுப்பது. கூடுதல் 198 வாய்ஸுக்கு அல்ல.

48 குரல் எப்போது போதாது?

ஸ்டீரியோவாகப் பதிவான பியானோவில் ஒரு கட்டை அழுத்தினாலே 2 குரல் செலவாகலாம். டூயலில், அதாவது இரண்டு வாய்ஸை ஒன்றாக ஒலிக்கும் முறையில், ஸ்ட்ரிங்ஸும் சேர்த்தால் 3 அல்லது 4. ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி 10 சுரம் வாசித்தால் 40 போய்விட்டது. பின்னணி ஸ்டைலில் டிரம், பேஸ், கார்டு எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து எடுக்கும். 48ஐத் தாண்டியதும் கருவி பழைய சுரத்தை வெட்டிவிட்டுப் புதியதை ஒலிக்கும். நீண்டு நிற்க வேண்டிய அடிச்சுரம் சட்டென்று அறுந்துபோகும். டூயலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். முதல் இரண்டு வருடத்துக்கு 48 தாராளம்.

யூஎஸ்பி ஓட்டை ஒன்றல்ல

பின்புறத்தில் சதுரமான யூஎஸ்பி ஓட்டை இ373இலும் இருக்கும், சிடி-எக்ஸ்700இலும் இருக்கும். வேலை வேறு. காசியோவில் அது மிடி மட்டும் அனுப்பும்: எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற தகவல்தான் போகுமே தவிர ஒலி போகாது. கணினியில் வேறு மென்பொருள் கருவி இருந்தால்தான் சத்தம் கேட்கும். இ373இல் மிடியோடு ஒலியும் அதே கேபிளில் போகும். ஓடிஜி கேபிளில் போனைச் செருகி, கருவியின் பியானோவை இரைச்சல் இல்லாமல் நேராகப் பதிவு செய்யலாம். வீடியோ போடுகிறவருக்கு இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கும். விண்டோஸ் கணினியில் ஒலி வர யமஹாவின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவாமல் "கருவி பழுது" என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். கருவிக்குள்ளேயே பதிவு செய்து அடுக்குவதில் காசியோ முந்துகிறது: அதில் 6 தடம், இ373இல் 2.

ப்ளூடூத் ஸ்பீக்கரையோ இயர்போனையோ நம்பி எதையும் வாங்க வேண்டாம். கட்டை அழுத்தி நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதித்துச் சத்தம் வந்தால் தாளம் பிடிக்க முடியாது. ஒயர் ஹெட்போன்தான்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் ஹெட்போனையே எடுத்துப் போங்கள், 6.3 மி.மீ. மாற்றுப் பின்னோடு. கடை இரைச்சலில் 2.5 வாட் ஸ்பீக்கரைக் கேட்டு எதையும் தீர்மானிக்க முடியாது. காட்சிக்கு வைத்த கருவியில் யாரோ எதையோ மாற்றி வைத்திருப்பார்கள். யமஹா இ வரிசையில் வலது கோடி வெள்ளைக் கட்டையை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் ஆலை அமைப்புக்குத் திரும்பும்.

பிறகு பியானோ வாய்ஸில் 61 கட்டையையும் ஒவ்வொன்றாக, ஒரே விரலால், ஒரே அழுத்தத்தில் இடமிருந்து வலம் போங்கள். ஒன்று மட்டும் திடீரென்று உரக்கக் கத்தினாலோ ஊமையாக இருந்தாலோ அந்தக் கருவி வேண்டாம். ஒரே கட்டையை இறகு தொடுவது போலவும் ஓங்கியும் மாறி மாறி அடியுங்கள்; சத்தம் மட்டுமல்ல, ஒலியின் நிறமும் மாற வேண்டும். அடுத்து ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்து அது எப்படி அடங்குகிறது என்று கேளுங்கள். மட்டமான பியானோ ஒலி ஓரிரு நொடியில் ஒரே அலையாகச் சுற்றத் தொடங்கும். கடைசியாக வால்யூம் குமிழைச் சுழற்றுங்கள், கரகரவென்றால் விடுங்கள். பழைய கருவி என்றால் பேட்டரி அறையைத் திறந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள், அடாப்டர் பின்னை ஆட்டியும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அடாப்டரை மாற்றிப் போடாதீர்கள். இ373 12 வோல்ட், சிடி-எக்ஸ்700 9.5 வோல்ட். வோல்ட் ஒத்தாலும் பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற குறி ஒத்திருக்க வேண்டும். மலிவான அடாப்டர் போட்டால் ஸ்பீக்கரில் 'ங்ங்' என்ற ரீங்காரம் நிற்காமல் வரும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் யமஹாவின் ஃபங்ஷனில் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். இல்லையென்றால் மீதி அளவு தவறாகக் காட்டும். 30 நிமிடம் தொடாமல் இருந்தால் யமஹா தானே அணைந்துவிடும். வேண்டாமென்றால் இடது கோடிக் கட்டையை அழுத்திக்கொண்டு பவர் போடுங்கள்.

சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது மிதிக்காதபோது ஒலி நீண்டு மிதித்தால் நின்றால், பெடல் பழுதல்ல. பெடலில் இரண்டு வகை உண்டு. கருவியை அணைத்து, காலை எடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். பல கருவிகள் அப்போதுதான் வகையைக் கண்டுகொள்ளும். சரியாகாவிட்டால் பெடலுக்கு அடியில் சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஸ்டாண்டில் வைக்கும்போது கட்டையின் மேல்தளம் தரையிலிருந்து 72 செ.மீ. அளவில் இருக்கட்டும். முழங்கை அதே மட்டத்துக்கு வரும்படி நாற்காலியை உயர்த்துங்கள். சின்னப் பிள்ளை என்றால் காலுக்கு ஒரு பலகை.

இரண்டு மூன்று வருடத்தில், கடலோர ஊர்களில் அதற்கும் முன்பே, ஓரிரு கட்டை ஊமையாகும் அல்லது கத்தும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழில் இரண்டு கார்பன் புள்ளிகள் உண்டு. ஒன்று முன்னே, மற்றது பின்னே தொடும். அந்த இடைவெளி நேரத்தை அளந்துதான் கருவி அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. தூசியோ ஈரமோ ஒன்றை மறைத்தால் கணக்கு கெடுகிறது. வாரன்டி இருக்கும்வரை திறக்க வேண்டாம், சர்வீஸ் சென்டருக்கே கொடுங்கள். முடிந்துவிட்டது என்றால் அடிமூடியைக் கழற்றி, ரப்பர் பட்டையை எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் புள்ளிகளையும் பலகையையும் லேசாக ஒற்றி எடுங்கள். சுரண்டினால் கார்பன் போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு பட்டையைத் திரும்ப வைத்து, அதன் சின்ன முளைகள் ஒவ்வொன்றும் துளைக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று மேலே நின்றாலும் அந்தக் கட்டை மறுபடி ஊமைதான்.