தியான் ஹோக் கெங் கோயிலைப் படமெடுக்கக் காலையில் போங்கள்

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் தியான் ஹோக் கெங் கோயிலை முகப்போடு படமெடுக்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். பின்சுவரில் உள்ள பெரிய ஓவியத்தை மட்டும் மதியத்துக்கு மேல் எடுங்கள்.

காரணம், கோயில் பார்க்கும் திசை. 1842இல் கட்டி முடித்தபோது இந்தத் தெருதான் கடற்கரை. கடல் தெய்வமான மாட்சுவின் கோயில் என்பதால் தென்கிழக்கே, கடலைப் பார்த்துக் கட்டினார்கள். இப்போது கடலைத் தூர்த்து எதிரே உயரமான கட்டிடங்கள் வந்துவிட்டாலும் காலை வெளிச்சம் முன்பக்கமாகத்தான் வரும். கூரை முகட்டு டிராகன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் பீங்கான் சில்லுகள் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் கூரைக்குப் பின்னால் போய்விடும். முகப்பு இருண்டு, வானம் வெளுத்துப்போகும். ஓவியம் இருப்பது பின்னால் அமோய் தெருவில் என்பதால் அதற்கு எல்லாமே தலைகீழ்.

வானம் மூடியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், எப்போது போனாலும் ஒன்றுதான். சீனப் புத்தாண்டு சமயத்திலும், சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் காலையிலேயே கும்பிட வருபவர்கள் கூட்டம் இருக்கும். படத்துக்காகப் போகிறவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது. உள்ளே ஃப்ளாஷ் வேண்டாம். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள், நம் ஊர்ப் பழக்கம்தான்.

அப்புறம், நுழைவுக் கட்டணம் கிடையாது. அதே வரிசையில் சில அடி தூரத்தில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. அதுவும் கடலைப் பார்த்த பக்கம்தான், அதே வெளிச்சத்தில் அதையும் எடுத்துவிடலாம்.