வசந்தகாலத்தில் பெரிய ஏரியில் ஸ்மால்மவுத் பாஸ் பிடிப்பது எப்படி?

வட அமெரிக்கப் பேரேரிகளில் வசந்தகாலத்து ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. நாட்காட்டியை நம்பிப் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரும். சராசரி ஆழம் 3.4 மீட்டரே உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் மீன் கூடு கட்டத் தயாராகும் வாரத்தில், சுப்பீரியர் ஏரியின் திறந்த கரைகள் இன்னும் உறைகுளிரில் இருக்கும். அதே சுப்பீரியரில் செக்வாமகன் போன்ற ஆழம் குறைந்த விரிகுடா முன்னதாகவே சூடேறிவிடும். ஒரே ஏரிக்குள்ளேயே இத்தனை வித்தியாசம்.

படகை இறக்கும் முன் விதிகளைப் பாருங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாஸ் மீனைப் பிடித்து உடனே விடுவதற்கு ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. வைத்துக்கொள்ள வேண்டுமானால் மீன்பிடிப் பருவம் திறக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில் பல இடங்களில் வசந்தகாலத்தில் பருவம் மூடியிருக்கும். அப்போது விட்டுவிடும் எண்ணத்தோடு குறிவைத்தாலும் சட்டப்படி குற்றம். மண்டலத்துக்கு மண்டலம் தேதி மாறுவதால் அந்த ஆண்டுக்கான விதிப்புத்தகமே கணக்கு.

வெப்பநிலையை இப்படி வாசியுங்கள். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மீன்கள் பெரும்பாலும் குளிர்காலத்து ஆழத்திலேயே, 8 முதல் 12 மீட்டரில், கூட்டமாக ஒண்டிக் கிடக்கும். 7 முதல் 10 டிகிரிக்குள் கரையை நோக்கி நகரத் தொடங்கும். 10 முதல் 14 டிகிரி வரை உள்ள காலம்தான் பொற்காலம்: முட்டையிடும் இடத்துக்கு வெளியே 3 முதல் 6 மீட்டர் ஆழத்தில் காத்து நின்று நன்றாக இரை தின்னும். 15 டிகிரியைத் தாண்டியதும் ஆண் மீன்கள் சரளைக்கல்லில் கூடு கட்டும்.

அந்தக் காத்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஆழ வரைபடத்தில் முதலில் முட்டையிடும் இடத்தைக் குறியுங்கள்: அலை நேரடியாக அடிக்காத, சரளையும் உருண்டைக் கல்லும் உள்ள, 1 முதல் 4 மீட்டர் ஆழமான விரிகுடா. அங்கிருந்து ஆழத்தை நோக்கி விரலை நகர்த்திக்கொண்டே போங்கள். தரை திடீரென இறங்கும் முதல் விளிம்பு, நீருக்குள் நீளும் பாறை முனை, மணல்வெளி நடுவே தனித்துக் கிடக்கும் கற்குவியல், இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் மீன் நிற்கும். ஆழத்துக்கும் கரைக்கும் நடுவே உள்ள பாதை இது. குளிர் திரும்பினால் பின்வாங்கவும், வெயில் அடித்தால் முன்னேறவும் தோதானது.

வடகரையில் உள்ள விரிகுடாக்கள் தெற்கு வெயிலை நேராக வாங்குவதால் முதலில் சூடேறும். ஆனால் பெரிய ஏரியில் காற்றைக் கவனிக்காமல் வெயிலை மட்டும் நம்பக் கூடாது. காற்று மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரை எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அங்கே சூடு சேரும். எதிர்க்கரையில் அடியிலிருந்து குளிர்நீர் மேலேறும். நேற்று மீன் நிறைந்திருந்த இடம் இன்று காலியாகக் கிடப்பதற்கு இது பெரும்பாலும் காரணம். அப்படி நடந்தால் அடுத்த ஏரிக்கு ஓட வேண்டாம். அருகிலுள்ள முதல் சரிவுக்கு, இன்னும் 2, 3 மீட்டர் ஆழத்துக்கு நகர்ந்து தேடுங்கள்.

ராட் (தூண்டில் கோல்) 7 அடி, மீடியம் பவர் (நடுத்தர வலு), வேகமான நுனி (நுனிப்பகுதி மட்டும் வளைவது). ரீல் (நரம்பு சுற்றும் கருவி) 2500 அல்லது 3000 அளவு. 10 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் (நீரில் எளிதில் தெரியாத முன் நரம்பு) 2 முதல் 3 மீட்டர். 1980-களின் கடைசியில் வரிக்குதிரை மட்டிகள் புகுந்து நீரை வடிகட்டத் தொடங்கியதிலிருந்து இந்த ஏரிகள் மிகத் தெளிவாகிவிட்டன. அதனால் லீடரைக் குட்டையாக்காதீர்கள்.

10 டிகிரியைச் சுற்றிய நீருக்கு, நீரின் நடுவே அசையாமல் நிற்கும் 10 முதல் 11 சென்டிமீட்டர் ஜெர்க்பெய்ட்டை (சிறு மீன் வடிவச் செயற்கை இரை) மிஞ்ச ஒன்றும் இல்லை. தூர எறிந்து, சில சுற்று வேகமாகச் சுற்றி ஆழத்துக்கு இறக்குங்கள். ராட் நுனியைக் கீழ்நோக்கி இரண்டு முறை வெட்டுங்கள்; பிறகு நரம்பைச் சற்றுத் தளரவிட்டு நிறுத்துங்கள். 7 டிகிரியில் 15 விநாடிக்குக் குறையாமல், 10 டிகிரியில் 6 முதல் 8 விநாடி, 13 டிகிரியில் 2 அல்லது 3 விநாடி. பெரும்பாலான கடி அந்த நிறுத்தத்தில்தான் விழும். பொறுமையில்லாமல் இழுத்துக்கொண்டே இருப்பவருக்கு மீன் பின்னால் வரும், கடிக்காது. குளிர்நீர் அடர்த்தி கூடியது என்பதால் வீட்டுத் தொட்டியில் சரியாக நின்ற லூர் (செயற்கை இரை) ஏரியில் மெல்ல மேலே மிதக்கலாம். படகோரத்தில் போட்டுப் பார்த்து, மிதந்தால் வயிற்றில் சிறு ஈய ஒட்டியை ஒட்டுங்கள்.

மீன் தரையோடு ஒட்டிக் கிடந்தால் டியூப் (குழல் வடிவ மென் செயற்கை இரை). 9 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், உள்ளே 7 முதல் 10 கிராம் எடைத்தலை கொண்ட கொக்கி. கற்களில் தட்டித் தட்டி நகர்த்தினால் ரவுண்ட் கோபி மீனைப் போலத் தெரியும். 1990-இல் செயின்ட் கிளேர் நதியில் கண்டறியப்பட்ட அந்த வந்தேறி மீன்தான் இன்று பல இடங்களில் பாஸின் முக்கிய இரை. கல்லிடுக்கில் சிக்கினால் பலமாக இழுக்காதீர்கள், இன்னும் ஆழமாகச் செருகும். நரம்பைத் தளர்த்தி ராட் நுனியைப் படபடவென்று ஆட்டுங்கள். படகை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வெயில் காயும் அமைதியான நாளில், 2 மீட்டர் நீரில், 3 கிராம் கறுப்பு மாராபு ஜிக்கை (மென்மையான இறகு கட்டிய, எடைத்தலை உள்ள கொக்கி) அசைக்காமல் சீராகச் சுற்றிப் பாருங்கள்.

ஜெர்க்பெய்ட்டின் மும்முள் கொக்கி சிறியது. கடித்ததும் ஓங்கி இழுத்தால் வாய் கிழியும். ராட்டைப் பக்கவாட்டில் ஒரே சீராக வளைத்தால் போதும். மீன் துள்ளும், அப்போது நுனியை நீருக்கு அருகே தாழ்த்துங்கள். மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கைச் சற்றுத் தளர்வாகவே வைத்திருங்கள்.

கூட்டில் நிற்கும் ஆண் மீனை விட்டுவிடுங்கள். அது எதையும் கடிக்கும், பிடிப்பது மிக எளிது. அது கூட்டைவிட்டுப் போன சில நிமிடங்களிலேயே கோபிகள் முட்டைகளை மொய்த்துத் தின்னும். ஆழத்திலிருந்து, குறிப்பாக 9 மீட்டருக்குக் கீழிருந்து, தூக்கிய மீனின் காற்றுப்பை உப்பி அது மல்லாந்து மிதக்கும். அவ்வளவு ஆழத்தில் விட்டுவிடுவதற்காகப் பிடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மற்ற மீன்களைக் கை நனைத்துப் பிடித்து, கொக்கியை எடுத்து, அரை நிமிடத்துக்குள் திருப்பி விடுங்கள்.

காற்று வெதுவெதுப்பாக இருந்தாலும் நீர் கொல்லும். 10 டிகிரி நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும்; கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். மிதவைச் சட்டையைப் படகில் கிடத்தி வைக்காமல் போட்டுக்கொண்டே மீன் பிடியுங்கள். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள். கரையை நோக்கித் திரும்பும் பாதைக்கு எதிராகக் காற்று வலுக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால், அலை எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.