காற்று எங்கே பரப்பை விட்டுப் பிரியும்? முதலில் தாளில் போட்டுப் பாருங்கள்

காற்றோட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கும் உருவகப்படுத்தல் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்து வையுங்கள். என் மாணவர்களிடம் இதைத்தான் விடாமல் சொல்கிறேன். வண்ணப் படத்தில் சுழல் தெரிந்தால் போதாது, அது ஏன் அந்த இடத்தில் தொடங்கியது என்று உங்களுக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

காரணத்தை ஜெர்மன் அறிவியலாளர் லுட்விக் பிராண்டில் 1904லேயே ஹைடல்பர்க் கணித மாநாட்டில் சொல்லிவிட்டார். பரப்பை ஒட்டிய எல்லைப் படலத்தில் காற்று உராய்வால் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. போகும் திசையில் அழுத்தம் ஏறினால் வெளிக்காற்று சமாளித்துவிடும், சுவரோரக் காற்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அது நின்று, பின்னோக்கித் திரும்பும். சுவர் உராய்வு பூஜ்ஜியமாகும் இடம்தான் பிரியும் இடம்.

சரி, கணக்குக்கு வருவோம். கொந்தளிப்பில்லாமல் அடுக்கடுக்காகப் போகும் ஓட்டத்துக்கு, பிரிட்டிஷ் கணிதவியலாளர் த்வெயிட்ஸின் 1949 முறை போதும். வெளிவேகத்தின் (படலத்துக்கு வெளியே உள்ள காற்றின் வேகம்) 5ஆம் அடுக்கை முன்முனையிலிருந்து தொகையிட்டு, 0.45ஆலும் இயக்கப் பாகுத்தன்மையாலும் (பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்தது) பெருக்கி, அந்த இடத்து வேகத்தின் 6ஆம் அடுக்கால் வகுத்தால் உந்தத் தடிமனின் (படலத்தில் காற்று இழந்த உந்தத்தைக் காட்டும் அளவு) வர்க்கம் வரும். அதை வேகச் சரிவால், அதாவது தூரத்தோடு வெளிவேகம் மாறும் வீதத்தால், பெருக்கி அதே இயக்கப் பாகுத்தன்மையால் வகுங்கள். விடை −0.09ஐத் தொட்டால் ஓட்டம் பிரிகிறது.

வேகம் நேர்கோட்டில் குறைந்து, L தூரத்தில் பூஜ்ஜியமாகும் ஓட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். 0.123 L என்று வரும். துல்லியமான தீர்வு 0.120. அதாவது வேகம் வெறும் 12 சதவீதம் குறைந்ததுமே காற்று விலகிவிடுகிறது! இன்னொன்றையும் கவனியுங்கள்: பாகுத்தன்மை கடைசியில் அடிபட்டுப் போய்விடும். படலம் எவ்வளவு தடிமன் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது, பிரியும் இடத்தை அல்ல. தொகையிடல் இருப்பதால், அந்த இடத்துச் சரிவு மட்டும் போதாது, காற்று வந்த வழி முழுவதும் கணக்கில் சேர்கிறது.

படலம் கொந்தளிப்பானால் கதை வேறு. வெளிக்காற்றின் வேகம் சுவர்வரை கலந்து இறங்குவதால் பிரிவு தள்ளிப்போகும். உருளையில், காற்று மோதும் முன்புள்ளியிலிருந்து அளந்தால், ஏறக்குறைய 80 டிகிரியில் பிரிந்தது 120 டிகிரிவரை ஒட்டியே போகும். மென்பொருளில் கொந்தளிப்பைக் கணக்கிடும் மாதிரிகளில் ஒன்றான கே-எப்சிலான் பிரிவைப் பெரும்பாலும் தாமதமாகத்தான் காட்டும். நான் கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற இன்னொரு மாதிரியைத்தான் எடுப்பேன், சுவரை ஒட்டிய முதல் கணக்கீட்டுக் கட்டம் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் காட்டும் ஒய் பிளஸ் 1ஐ ஒட்டி இருக்கும்படி.

அப்புறம், காற்றுச் சுரங்கத்தில் சரிபாருங்கள். இறக்கை மாதிரியின் மேல் கம்பளி நூல் துண்டுகளை, முன்பக்க நுனியை மட்டும் டேப்பால் ஒட்டி வரிசையாக வையுங்கள். தாக்குகோணத்தை, அதாவது வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணத்தை, மெதுவாகக் கூட்டுங்கள். வழக்கமான தடித்த இறக்கையில் பின்விளிம்பு நூல்கள் முதலில் துடிக்கும், பிறகு நுனி முன்பக்கமாகத் திரும்பும். திரும்பிய வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரிந்த காற்று சற்றுத் தள்ளி மறுபடி ஒட்டிக்கொள்ளும் சின்னக் குமிழியை நூல் காட்டாது. அதற்கு மண்ணெண்ணெயில் டைட்டானியம் டை ஆக்ஸைடு பொடி கலந்து பூச வேண்டும், குமிழி இருக்கும் இடத்தில் பூச்சு கோடாகத் தேங்கி நிற்கும்.