சன்னலின் கீல், கைப்பிடி, தாழ்ப்பாள்: தேய்ந்தவற்றை நாமே மாற்றும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு, குடிவந்தவர்களின் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பவை மூன்று வகைச் சன்னல்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் மரச் சன்னல், கண்ணாடித் தகடுகளை வரிசையாக அடுக்கிய நாக்கோ சன்னல், பிறகு வந்த அலுமினியச் சன்னல். இவற்றில் ஒன்று சரியாக மூடவில்லை என்றால், சன்னலையே பெயர்த்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். சட்டம் உறுதியாகவும் கண்ணாடி முழுதாகவும் இருக்குமானால், கெட்டுப்போனது பெரும்பாலும் கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டுதான். அதை மாற்றுவதற்கு ஒரு சனிக்கிழமைக் காலைப்பொழுது போதும். இதுவரை திருப்புளியே பிடிக்காதவர்களும் செய்யக்கூடிய வேலை இது என்பதால், எந்தப் படியையும் விடாமல் எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இங்கே சொல்லப்படுவது தரைத்தளச் சன்னல்களுக்கு மட்டுமே பொருந்தும். மாடிச் சன்னலின் கீலைக் கழற்றும்போது கதவு வெளியே விழுந்தால் கீழே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. அந்த வேலையை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

எது பழுது என்று கண்டுபிடித்தல்

மரச் சன்னலைப் பாதி திறந்து, கைப்பிடி இருக்கும் ஓரத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். கதவு அசைந்தால், கண்ணைக் கீலின் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு முறை தூக்குங்கள். கீலின் தகடு மரத்தை விட்டு விலகி அசைந்தால், பழுது கீலில் இல்லை. திருகாணி பிடித்திருந்த துளை தளர்ந்துவிட்டது. தகடு அசையாமல், நடுவிலுள்ள முள் மட்டும் ஆடினால்தான் கீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கடைக்கு ஓடியவர்கள், புதிய கீலைப் பழைய ஓட்டைத் துளையில் பூட்டிவிட்டு, இரண்டு மாதத்தில் அதே குறையோடு மீண்டும் நிற்கிறார்கள்.

தொடர்மழைக் காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மட்டும் இறுகி, வெயில் காலத்தில் தானாகவே சரியாகிவிடும் சன்னலுக்குக் கீல் மாற்றத் தேவையில்லை. அந்த நேரத்தில் ஓரத்தை இழைத்துவிட்டால், மரம் காய்ந்த பிறகு இடைவெளி விழுந்து மழைச்சாரல் உள்ளே வரும்.

கடைக்குப் போகும்போது

பழைய பொருளைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வதே நான் அறிந்தவற்றுள் சிறந்த வழி. அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போனால், துளைகளின் இடம், தகட்டின் தடிமன், நாக்கின் உயரம் என்று ஏதாவது ஒன்று விடுபட்டுவிடும். நம் ஊர் இரும்புக் கடைகளில் கீலை இன்னும் அங்குலத்தில்தான் கேட்கிறோம். மலாயில் எங்செல் என்று சொன்னால் கடை முதலாளியான தவுக்கேக்கு உடனே விளங்கும். மரச் சன்னலுக்குப் பெரும்பாலும் 3 அங்குலக் கீல், அதாவது ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் நீளமுடையது, பயன்படுகிறது.

கீலும் திருகாணியும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். முலாம் பூசிய இரும்பு விலை குறைவுதான். ஆனால் நம் நாட்டு ஈரக்காற்றில் முலாம் உரிந்தவுடன் துரு உள்ளே இறங்கிவிடும். ஒரு சிறிய காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். 304 தரத் துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் ஒட்டாது, அல்லது மிக லேசாகவே இழுபடும். முலாம் பூசிய இரும்பு பட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

மரச் சன்னலின் கீலை மாற்றுதல்

இந்த வேலையில் மிகுந்த பொறுமை வேண்டியது பழைய திருகாணியைக் கழற்றும் இடத்தில்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது, கீலையும் சேர்த்தே அடித்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். பத்து, பதினைந்து தீபாவளிகளின் சாயம் திருகாணியின் தலைப்பிளவை முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் திருப்புளியை வைத்து அழுத்தினால் வழுக்கி, தலை தேய்ந்துபோகும். ஆகவே, உடைந்த ஆக்சா பிளேடின் முனையால் பிளவிலுள்ள சாயத்தை முதலில் சுரண்டி எடுங்கள். மிகப் பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். எனவே அந்த இடத்தை நனைத்துக்கொண்டு, முகக்கவசம் அணிந்து சுரண்டுவதும், பிள்ளைகளை அருகில் விடாமல் இருப்பதும், துகள்களை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் அவசியம்.

பிளவு தெரிந்ததும் துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, இருபது நிமிடம் காத்திருங்கள். பிறகு பிளவின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை நேராக நிறுத்தி, அதன் பின்புறத்தில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவின் பிடி விட்டுவிடும். முதலில் இறுக்கும் பக்கமாக இம்மியளவு திருப்பி, அதன் பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினால் பெரும்பாலான திருகாணிகள் வந்துவிடுகின்றன.

கதவை முழுவதும் கழற்ற வேண்டாம். சன்னலைத் திறந்து, கதவின் அடிப்பாகத்துக்கு வெளியிலிருந்து ஒரு கட்டையையும் ஆப்பையும் முட்டுக்கொடுத்து, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீழ்க்கீலை முதலில் மாற்றி முடித்த பிறகே மேல்கீலைத் தொடுங்கள். ஒன்று எப்போதும் பிடித்துக்கொண்டிருப்பதால், கதவின் பழைய இருப்பு மாறாது. புதியவர்களுக்கு இதுவே பாதுகாப்பான முறை.

இனி துளைக்கு வருவோம். துளை தளர்ந்திருந்தால் அதைவிடப் பெரிய திருகாணியைப் போட்டு முடுக்கிவிடலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் என் அம்மா வீட்டுச் சமையலறைச் சன்னலில் செய்தேன். நிலைச்சட்டம் நீளவாக்கில் பிளந்து, அந்தப் பக்கத்து மரத்தையே மாற்ற நேர்ந்தது. நல்ல கட்டையைக் கெடுத்துவிட்டேனே என்று இன்றும் வருந்துகிறேன். சரியான முறை, துளையை மரத்தாலேயே அடைப்பது. சாத்தே குத்தும் மூங்கில் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து, துளைக்குள் இறுக நிறையும்வரை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஓர் இரவு காய்ந்த பிறகு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சட்டத்தோடு மட்டமாக வெட்டிவிட்டு, கீலை அதன் பள்ளத்தில் வைத்து, துளைகளின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை சன்னலை மூடிக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்பதால், இந்த வேலையை மாலையில் தொடங்கி மறுநாள் காலையில் முடிப்பது நல்லது.

8ஆம் எண் திருகாணிக்கு முன்துளை 3 மில்லிமீட்டர் போதும். திருகாணி எவ்வளவு நீளமோ அதைவிடச் சற்றுக் குறைவான ஆழத்துக்குத் துளையிடுங்கள். ஆழம் தவறாமல் இருக்க, டிரில் பிட்டைச் சுற்றி ஒரு துண்டு ஒட்டுநாடாவை அடையாளமாகச் சுற்றிக்கொள்ளலாம். செங்கால் போன்ற வைர மரமாக இருந்தால், திருகாணியின் மரையில் மெழுகையோ குளியல் சவர்க்காரத்தையோ தடவிச் செலுத்துங்கள். பித்தளைத் திருகாணியைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதே அளவு எஃகுத் திருகாணி ஒன்றை முதலில் செலுத்தி எடுத்துவிட்டு, அதன் வழியில் பித்தளையைப் போடுங்கள். நேரடியாகப் போட்டால் மென்மையான பித்தளை மரத்துக்குள்ளேயே முறிந்துவிடும். எல்லாத் திருகாணிகளையும் முக்கால்வாசி செலுத்திவிட்டு, கதவை ஒருமுறை மூடிப் பார்த்து, அதன் பிறகே முழுவதும் இறுக்க வேண்டும்.

தாழ்ப்பாளும் கொக்கியும் கீல் வேலை முடிந்த பிறகுதான். கீல் சரியானதும் கதவு சில மில்லிமீட்டர் மேலே ஏறிவிடும். தாழ்ப்பாளை முன்னதாகவே பூட்டியிருந்தால் அதன் கம்பி துளையில் இறங்காது.

நாக்கோ சன்னலின் கைப்பிடி

கைப்பிடி ஒரு செங்குத்துப் பட்டையை மேலும் கீழும் இழுக்கிறது. அந்தப் பட்டை எல்லாத் தகடுகளின் பிடிகளையும் ஒன்றாகச் சுழற்றுகிறது. கைப்பிடியின் இணைப்பு மட்டும் உடைந்திருந்தால் கைப்பிடியை மாற்றினால் போதும். பட்டை துருவேறியிருந்தால், அல்லது பிடிகள் பல உடைந்திருந்தால், பக்கச்சட்டத்தையே மாற்றுவது மேல். அதை வாங்கும்போது தகடுகளின் எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்க வேண்டும், எண்ணிக்கொண்டு போங்கள்.

தடித்த கையுறை இல்லாமல் கண்ணாடியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒட்டுநாடா ஒட்டி எண் எழுதி, மேலிருந்து ஒவ்வொன்றாக, பிடியின் நாக்கைச் சற்றே நிமிர்த்தி, உருவி எடுத்து, துணி விரித்த தரையில் சுவரோரம் சாய்த்து வையுங்கள். அலுமினிய நாக்கு ஓரிரு முறை மட்டுமே வளையும்; பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். திரும்பப் போடும்போது நாக்கை மறுபடி நன்றாக மடித்துவிடுவது கட்டாயம். மடிக்காமல் விட்ட கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் சத்தமில்லாமல் உருவிவிட முடியும்.

அலுமினியச் சன்னல்

இதில் கீலுக்குப் பதிலாக, சட்டத்துக்கும் கதவுக்கும் இடையே ஒரு தண்டவாளமும் அதில் நகரும் கையும் இருக்கின்றன. பிரிக்‌ஷன் ஸ்டே என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். திறந்த கதவு நின்ற இடத்தில் நிற்காமல் காற்றில் அடித்துக்கொண்டால், அதிலுள்ள உராய்வுத் திருகாணியை முதலில் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள். பல சன்னல்கள் அதிலேயே சரியாகிவிடும். நகரும் பகுதியில் எண்ணெய் விடாதீர்கள். கதவை நிறுத்தி வைப்பதே அந்த உராய்வுதான்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஒரு கதவிலுள்ள இரண்டு பிரிக்‌ஷன் ஸ்டேக்களையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் கதவு கோணிக்கொள்ளும். தண்டவாளத்தின் நீளத்தையும், மூடிய நிலையில் அதன் மொத்தத் தடிமனையும் அளந்து பார்த்து, பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ரிவெட் அடித்துப் பூட்டியிருந்தால், அதன் தலையை 4 மில்லிமீட்டர் பிட்டால் குடைந்து, எஞ்சியதை ஆணியால் தட்டி வெளியேற்றலாம். கண்ணைக் காக்கும் கண்ணாடி இதற்கு வேண்டும். புதியதைப் பூட்டும் திருகாணியின் தலை தட்டையாக இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் கதவு முழுவதும் மூடாது.

கைப்பிடியில் இடம், வலம் என்ற வேறுபாடு உண்டு. வீட்டுக்குள் நின்று பார்க்கும்போது அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வேலை முடிந்த ஒரு மாதத்துக்குப் பிறகு, எல்லாத் திருகாணிகளையும் திருப்புளியால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மரம் புதிய பிடிக்கு இசையும்போது ஒன்றிரண்டு கால் சுற்று தளர்ந்திருக்கும். அடுத்த தீபாவளிக்குச் சாயம் அடிப்பதற்கு முன், ஒவ்வொரு கீலின் மீதும் ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள்.